பொட்டுக்கு அடியில்

முன்பெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்டார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். துளி வந்த பிறகு இரண்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நிறுத்தம் கேட்க ஆரம்பித்தார்கள்.

துளி என்றால் அமிலம்தான். முகம் கழுவித் துடைத்துவிட்டு நாலு சொட்டுத் தடவிக்கொண்டால், மேல்தோலைக் கரைத்து, நிறத்தை அடியிலேயே அமுக்கிவைத்து, மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சையும் போட்டுவிடும். கறுப்பு, மாநிறம், பரு, அம்மைத் தழும்பு எல்லாம் போய், கொங்கு நாடு முழுக்க எல்லோருக்கும் பாலாடை படிந்த மாதிரி ஒரே முகம் வந்துவிட்டது. சாதி ஒழிந்ததோ இல்லையோ, நிறம் ஒழிந்தது என்று மேடை போட்டுப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அடியில் என்ன நிறம் என்று தெரியாமல் எப்படிச் சம்பந்தம் பண்ணுவது?

அதற்குத்தான் நிறுத்தம். நிச்சயத்துக்கு முன்பு பெண் ஒரு மண்டலம் துளியைத் தொடக்கூடாது. முதலில் முகம் காந்தும். பிறகு பொருக்குத் தட்டி உரியும். அப்புறம், அதுவரை அடங்கிக் கிடந்த பருக்களெல்லாம் கூட்டமாகக் கிளம்பும். கடைசியில் எண்ணெய் கசிந்து, எல்லாம் தணிந்து, பிறந்த நிறம் மெல்ல மேலே வந்து நிற்கும். அந்த முகத்தை மாப்பிள்ளையின் அம்மா சன்னலோரம் உட்காரவைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். பிடித்திருந்தால் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள். பிடிக்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாப்பிள்ளைக்கு நிறுத்தம் கிடையாது. கேட்கும் தைரியம் எந்தப் பெண் வீட்டுக்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பல்லடத்தில் வேலாத்தாளுக்கு வரன் வந்தது. பழைய பேர்களுக்கு மறுபடி மவுசு வந்திருந்த காலம் அது. அம்மாக்களுக்குத்தான் தன்யஸ்ரீ, ஜோஷிகா என்று பேர் இருக்கும், மகள்களுக்கு வேலாத்தாள், மகன்களுக்குச் சென்னியப்பன். வேலாத்தாளை வீட்டில் வேலா என்றார்கள். உடுமலைப் பக்கம் காற்றாலைக் கோபுரங்களில் ஏறி இறக்கைகளைச் சோதிப்பது அவள் வேலை. உச்சியில் நிற்கும்போது கூட வேலை செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, என்னா காத்து!" என்பார்கள். அவளுக்குக் காதில் இரைச்சல் கேட்கும், சட்டை படபடக்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. சும்மா பீற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வரன் காங்கேயத்துச் சென்னியப்பன். அரிசி ஆலை, தோட்டம், ஒரே பையன். அவன் அம்மா ஜோஷிகா போனிலேயே கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரு மண்டலம் நிறுத்திக் காட்டீட்டீங்கன்னா நாங்க ஒறம்பரை சனத்தோட வந்து பாத்துக்கறோம்."

"அதுக்கென்னங்க, காட்டீரலாம்" என்றாள் வேலாவின் அம்மா தன்யஸ்ரீ. மகள் பிறந்தபோது என்ன நிறமாக இருந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தன்னை நாலு வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, ஐந்தாவது வீட்டில் சகித்துக்கொண்ட நிறம் அது.

துளியை நிறுத்தினாள் வேலா. காந்தல் வரவில்லை. பொருக்குத் தட்டவில்லை. பரு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் முகம் துடைத்தபோது இடது கன்னம் முழுசாக, வெங்காயச் சருகு மாதிரி, துண்டோடு வந்துவிட்டது. அடுத்த நாள் வலது கன்னம். பிறகு நெற்றி. அடியில் இருந்தது இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்பாக, உள்ளே ஓடும் நரம்பு தெரிகிற மாதிரி இருந்தது. மின்விசிறியைப் போட்டதும் வேலா அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அமிலத்தை அவள் முகத்தில் பூசிய காலத்தில் வலிக்கவே இல்லை, நிறுத்தியதும்தான் வலித்தது.

கோயமுத்தூரில் டாக்டர் அஃப்ரின் விளக்கைக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எப்பருந்து துளி போடறா?"

"எல்லாரையும் போலத்தாங்க. புட்டியில போட்டிருக்கற மாதிரி, பன்னண்டு வயசுக்கு மேல" என்றாள் தன்யஸ்ரீ.

"பொய் சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா."

தன்யஸ்ரீ மகளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பொறந்து தீட்டுக் கழிச்ச அன்னைலருந்துங்க. தண்ணி வாக்கறப்ப, கடலை மாவுல ரண்டு சொட்டுக் கலந்து. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு நெனைச்சேன். நல்லாத்தான் புடிச்சுது. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சுங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தோலுக்கு அடியில வெதை மாதிரி ஒரு வரிசை இருக்கும். மேல தோல் உதிர உதிர, அதுதான் புதுசா முளைச்சு மேல வரும். பெரியவங்களுக்கு அது ஆழத்துல பத்திரமா இருக்கு, துளி எட்டாது. அதனாலதான் நிறுத்துனா பழையபடி தோல் வருது. பச்சைக் கொழந்தைக்கு அது மேலாகவே இருக்கும். நீங்க வெதையவே கரைச்சுட்டீங்க. இத்தனை வருஷமா இவ மொகத்துல இருந்தது துளியோட பூச்சு. தோல் இல்ல."

"அப்ப இது?" என்று வேலா தன் முகத்தைக் காட்டினாள். உதட்டை அசைத்தாலே எரிந்தது.

"புண்ணு ஆறும்போது மேல ஒரு சவ்வு கட்டுமே, அது. கீழ வெதை இல்லாததால அதுக்கு மேல வளரத் தெரியாது. இப்படியே நிக்கும்."

"மறுபடி துளியே போட்டுட்டா ஆகாதுங்களா?" என்றாள் தன்யஸ்ரீ.

"ஒரு தடவை கழண்ட பூச்சு மறுபடி ஒட்டாது. இந்தச் சவ்வு மேல துளி பட்டா எரிச்சு உள்ள போயிரும்." டாக்டர் மறுபடி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இருங்க. இங்க மட்டும் தோல் இருக்கே."

இடது கன்னத்தில், துவரம் பருப்பு அளவுக்கு, கருகருவென்று ஓர் இடம். டாக்டர் அதைப் பஞ்சால் தொட்டார். வேலா சுருங்கவில்லை. கண்ணை அகல விரித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. மெத்துனு இருக்கு."

"இந்த எடத்துல என்ன வெச்சீங்க, கொழந்தையா இருந்தப்ப?"

தன்யஸ்ரீக்குச் சட்டென்று விளங்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள். "திட்டிப் பொட்டுங்க. வெளக்கெண்ணெயில கொழைச்ச மை. தண்ணி வாக்கறதுக்கு முன்னாடியும் வெப்பேன், பொறவும் வெப்பேன். பள்ளிக்கூடம் போற வரைக்கும் வெச்சனுங்க."

டாக்டர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பில்லை. "எண்ணெய் மை மேல அமிலம் நிக்காது. வழுக்கிட்டு ஓடிரும். ஊரு கண்ணு படக்கூடாதுன்னு வெச்சீங்க, உங்க கையிலருந்து அது புள்ளையைக் காப்பாத்தியிருக்கு. இந்த ஒரு பொட்டுல வெதை இருக்கு. துளி நின்னதும் முளைக்க ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணும் போடாதீங்க, வெயில் வேண்டாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல இதுவே பரவி மொகம் பூரா மூடிரும். இது போச்சுன்னா எல்லாம் போச்சு. வேற எடத்துத் தோலை எடுத்து வெச்சாலும் இதுல ஒட்டாது. ஆயுசுக்கும் இந்தச் சவ்வோடதான் இருக்கோணும்."

தன்யஸ்ரீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "பரவினா என்ன நெறத்துல வருங்க?"

"அவ நெறத்துல" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வேலாவுக்கு அந்தப் பொட்டுதான் உலகம். வியர்வை எரிந்தது, புழுதிக் காற்று எரிந்தது, தாளிக்கிற புகை எரிந்தது. கண்ணீர் எல்லாவற்றையும்விட எரிந்தது. கன்னத்தில் இறங்காமல் நேராகத் தரையில் சொட்டும்படி தலையைக் குனிந்து அழ அவள் பழகிக்கொண்டாள். ஒரு மெல்லிய பருத்தித் துணியை முகத்தில் கட்டி, பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் கத்தரியால் ஓர் ஓட்டை போட்டாள். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வரும் பக்கம் இடது கன்னத்தைத் திருப்பி நின்றாள்.

காற்று வந்தது. பருப்பளவு இடத்தில் குளிர்ந்தது. மேலேயிருந்து கீழே வருடிக்கொண்டு போனது. கோபுர உச்சியில் அவர்கள் பீற்றிக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்து நாலு வயசில் முதல் தடவையாக முகத்தில் காற்றடித்த பெண் என்ன செய்வாள்? அவள் சிரித்தாள். சிரித்ததும் மற்ற இடமெல்லாம் எரிந்தது. இருந்தாலும் சிரித்தாள். ஒரு வருஷத்தில் முகம் முழுக்க இப்படி இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"காங்கேயத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லீருங்கம்மா" என்றாள்.

"சொன்னா ஊருல என்னென்னமோ பேசுவாங்க கண்ணு. வந்து பாத்துட்டுப் போகட்டும். இந்த மொகத்தைப் பாத்தா அவிங்களே புடிக்கலீன்னு போயிருவாங்க" என்றாள் தன்யஸ்ரீ. அதில் நியாயம் இருப்பதாக வேலாவுக்குப் பட்டது.

வந்தார்கள். வேலாவைச் சன்னலோரம் உட்காரவைத்துத் துணியை எடுத்தார்கள். ஜோஷிகா கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் எத்தனையோ பெண்களை நிறுத்தத்தில் பார்த்தவள். எல்லோரும் கறுத்து, எண்ணெய் வடிந்து, பரு வைத்து வந்து உட்காருவார்கள். வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வருகிற மாதிரி ஒரு முகத்தை அவள் கண்டதில்லை.

"அடேயப்பா!" என்றாள். "நிறுத்தியே இப்படிங்களா? ரோசாப்பூக் கணக்கா இருக்குதுங்களே!"

கூட வந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஆசையாகக் கன்னத்தைக் கிள்ள வந்தாள். வேலா நடுங்கி ஒதுங்கினாள். கூச்ச சுபாவம் என்று சொல்லி எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

"இதென்னங் மருவா?" என்று ஜோஷிகா பொட்டைக் காட்டினாள். "கண்ணாலத்துக்கு முன்னாடி எடுத்துப் போடுங். மத்ததெல்லாம் குறையே இல்லீங்க." வெற்றிலைத் தட்டை அவளே முன்னால் தள்ளி வைத்தாள்.

தன்யஸ்ரீ தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புடிக்கலீன்னு போயிருவாங்க என்று சொன்னவள் அவள்தான். அவள் மகளை அந்த நாலு வீட்டுக் கண்ணோடு பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லாத முகம் ஒன்று தன் வயிற்றில் பிறந்துவிட்டது என்ற பெருமை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். வேலா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடலை மாவு, துளி, சவ்வு, பொட்டு, டாக்டர் சொன்ன ஒரு வருஷம். சென்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப இங்க மட்டும்தான் தொட்டா உனக்கு நல்லாத் தெரியுமா?" என்றான்.

"ஆமாங்க."

அவன் கிட்டே வந்து, உதட்டைக் குவித்து, அந்தப் பருப்பளவு இடத்தில் மட்டும் படும்படி மெதுவாக ஊதினான். வேலா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு முன்பு அவள் முகத்தில் எந்த மனுஷனின் மூச்சும் பட்டு அவளுக்குத் தெரிந்ததில்லை. அந்த நிமிஷமே அவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு வருஷந்தானே?" என்றான்.

அவன் நல்ல பையன்தான். சொன்னபடியே அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அதுதான் வினையாக முடிந்தது. அதுவரை ஜோஷிகாவுக்கு அது வெறும் மரு. எடுத்தாலும் சரி, மறந்துவிட்டாலும் சரி. இப்போது அவள் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு பல்லடத்துக்கு வந்தாள். வேலா மாடியில் இருந்தாள். அம்மாக்கள் இரண்டு பேரும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"பையன் சொன்னானுங்க. எல்லாம் புரிஞ்சுது. அப்ப அந்தப் பொட்டு வளந்து மொகம் பூரா கறுத்துருங்கறீங்க?"

"டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க. அதை எடுத்தா ஆயுசுக்கும் அவளுக்கு எரிச்சல் தீராதுன்னும் சொன்னாங்க" என்றாள் தன்யஸ்ரீ. மகளுக்காக அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் அது.

"எரிச்சல் எந்தப் பொம்பளைக்குத்தானுங்க இல்ல? எங்க வீட்ல ஏசி இருக்குது, வேலைக்கு ஆளு இருக்காங்க, வெயில்ல எதுக்கு எறங்கோணும்? கோபுரத்துல ஏறோணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்தா? நான் எம் மகளாட்டம் வெச்சுக்கறேன். ஆனா நான் பாத்தது இந்த மொகத்தை. கட்டி வெச்ச பொறவு வேற மொகம் வந்தா அது ஏமாத்தற மாதிரி ஆயிருமுங்க."

தன்யஸ்ரீ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோஷிகா குரலைத் தாழ்த்தி, நாற்காலியை நகர்த்திக்கொண்டு, கிட்டே வந்தாள்.

"இன்னொன்னு கேக்கறேன், மறைக்காதீங்க. கடலை மாவுல எத்தனை சொட்டுங்க கலந்தீங்க?"

"ரண்டு."

"தீட்டுக் கழிச்ச அன்னைலருந்தா?"

"ஆமாங்க."

ஜோஷிகா தலையாட்டி மனசில் வாங்கிக்கொண்டாள். "நாளைக்குப் பேரனோ பேத்தியோ வந்தா நீங்களே வந்து தண்ணி வாத்துக் குடுத்துருங்க, கைப்பக்குவம் உங்களுக்குத்தான் தெரியும். பொட்டு மட்டும் வெக்க வேண்டாம்."

அன்று சாயங்காலம் தன்யஸ்ரீ மாடிக்குப் போய் மகள் பக்கத்தில் நின்றாள். "பேசி முடிச்சாச்சு அம்மிணி. அவிங்களுக்கு எல்லாம் புரிஞ்சுது. பொட்டைத் தொட மாட்டாங்க" என்றாள். வேலா நம்பினாள். சென்னியப்பனுக்கும் போன் செய்து கேட்டாள். "அம்மா பாத்துக்கறேன்னு சொல்லீட்டாங்க, நீ கவலைப்படாத" என்றான் அவன். அவனும் நம்பியிருக்கலாம். கேள்வியை இரண்டாம் தடவை கேட்டுப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

பொட்டு அதற்குள் பெரிதாகியிருந்தது. பருப்பளவு போய்ப் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. துணியில் போட்ட ஓட்டையை வேலா மறுபடி கத்தரித்துப் பெரிதாக்கினாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நலங்கு. காங்கேயத்திலிருந்து பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். வேலாவை மணையில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி அப்பினார்கள். கைகளைத் தலையணைமேல் நீட்டி வைக்கச் சொன்னார்கள். பிறகு சுமங்கலிகள் ஒவ்வொருத்தராக வந்து கையின் மேலே, தோளில், காலில் மஞ்சள் பூசினார்கள். "மொகத்துக்கு வேண்டாம், மஞ்சள் ஏறீரும்" என்று ஜோஷிகா தடுத்தாள். அத்தை தன் முகத்துக்காகப் பார்க்கிறாள் என்று வேலாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசியாக அம்மா வந்தாள். கையில் மஞ்சள் கிண்ணம் இல்லை. குச்சியில் சுற்றிய பஞ்சும், ஒரு பழைய புட்டியும் இருந்தன. அந்த வாசனை வேலாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"அம்மா, என்னது அது?"

"ஒண்ணுமில்ல கண்ணு, சித்த நேரம்."

"அம்மா வேண்டாம். டாக்டர் சொன்னாங்கல்ல. அம்மா!"

அவள் கையைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். "கையை அசைக்காத பொண்ணு, மருதாணி அழிஞ்சுரும்!" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மருதாணி அழிந்தால் சகுனம் நன்றாக இருக்காது என்பதுதான் அவர்கள் கவலை. பின்னாலிருந்து ஜோஷிகா தலையைத் தாங்கிப் பிடித்தாள், மெத்தென்று, பாசமாகத்தான் பிடித்தாள்.

தன்யஸ்ரீக்குக் கை பழகியது. அக்கம் பக்கம் சிந்தாமல், பொட்டின் விளிம்பு தவறாமல், மூன்று தடவை ஒற்றி எடுத்தாள். நாதஸ்வரக்காரர்கள் வெளியே நன்றாக வாசித்துக்கொண்டிருந்ததால் சத்தம் வாசலைத் தாண்டவில்லை.

முடிந்த பிறகு அந்த இடமும் மற்ற இடம் மாதிரியே இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று ஆகிவிட்டது. எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் வேலா இடது கன்னத்தைக் காற்றின் பக்கம் திருப்பினாள். எரிந்தது. எல்லா இடத்திலும் எரிகிற மாதிரியே எரிந்தது. அவள் கண்ணீர் கன்னத்தில் படாமல் இருக்கத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க, என்னா அடக்கம்!" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

தன்யஸ்ரீ எழுந்து எட்டி நின்று மகளைப் பார்த்தாள். தலையில் பூ, கழுத்தில் நகை, உள்ளே விளக்கு வைத்த மாதிரி முகம். இத்தனை பேர் பார்க்கிறார்கள், நாளைக்கு மண்டபத்தில் ஊரே பார்க்கப்போகிறது. பூசையறைக்கு ஓடினாள். விளக்கெண்ணெயில் குழைத்த மையை மோதிர விரலில் தொட்டுக்கொண்டு வந்தாள். மகளின் முகவாயை நிமிர்த்தி, இடது கன்னத்தில், அதே இடத்தில், ஒரு பொட்டு வைத்தாள்.

"கண்ணு பட்டுரும் சாமி" என்றாள், அழுதுகொண்டே.

ஜோஷிகாவின் முகம் மாறியது. முன்னால் வந்து குனிந்து, அந்தப் பொட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். வேலாவின் உடம்பு தூக்கிப்போட்டது. விரலில் கறுப்பு ஒட்டியது.

"மைதானுங்களே?" என்றாள் ஜோஷிகா.

"மைதாங்க" என்றாள் தன்யஸ்ரீ.

ஜோஷிகா விரலை மணையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு, ஆரத்தித் தட்டைக் கொண்டு வரச் சொன்னாள்.